ஜிம் சைமன்ஸ்: ஞாயிறு கணக்கு வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஒரு கணக்கு வகுப்பு நடக்கிறது. பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் ஆரம்பித்தது. போன மாதம் இரண்டு ஞாயிறு ஜிம் சைமன்ஸைப் பற்றிப் பேசினேன். அமெரிக்கர். கணிதப் பேராசிரியராக இருந்து சந்தைக்குப் போய், ரெனைசான்ஸ் டெக்னாலஜீஸ் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர். 2024 மே 10ஆம் தேதி, 86 வயதில் இறந்தார். அப்போது அவர் சொத்து 3,100 கோடி டாலருக்கு மேல் என்று ஃபோர்ப்ஸ் பத்திரிகை கணக்குப் போட்டிருந்தது.

பிள்ளைகளைவிட, அவர்களைக் கூட்டிப்போக வந்த பெரியவர்கள்தான் அதிகம் கேட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பணக்காரர் கதையைக் கணக்கு வகுப்பில் ஏன் டீச்சர் சொன்னீங்க?

பணத்தில் நான் ஆரம்பிக்கவில்லை, சோப்புத் தண்ணீரில் ஆரம்பித்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கட்டுக்கம்பியைக் கோணல்மாணலாக வளைத்து ஒரு வளையம் செய்தாள். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்ததும் உள்ளே ஒரு படலம் நின்றது. அன்றைக்கு மேகம் இறங்கியிருந்ததால் அது சீக்கிரம் காயவில்லை. கதவோர வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எல்லாரும் பார்த்தோம். படலத்தின் மேல் விளிம்பில் நிறமெல்லாம் வடிந்து, கறுத்து, பட்டென்று உடைந்தது.

அந்தக் கம்பிக்குள் எத்தனையோ விதமாகத் தோல் போர்த்தலாம். சோப்புப் படலம் எப்போதும் பரப்பை முடிந்த மட்டும் சுருக்கிக்கொண்டு நிற்கும். நம் கண்ணுக்குத் தெரியும் மூன்று பரிமாணத்தில் சரி, அதற்கு மேல் போனால் என்ன ஆகும்? சைமன்ஸ் 1968இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியது. ஏழு பரிமாண வெளி வரைக்கும் இப்படிப்பட்ட பரப்புகள் வழவழவென்றுதான் இருக்கும், எங்கேயும் கூர்முனை வராது என்று அவர் காட்டினார். எட்டாவது பரிமாணத்தில் ஒரு கூம்பு வந்து குறுக்கே நின்றது. அதற்கு சைமன்ஸ் கூம்பு என்றே பெயர். அங்கே விதி நிஜமாகவே உடைகிறது என்று மறு வருஷம் பொம்பியேரி, டி ஜோர்ஜி, ஜியூஸ்தி என்ற மூவர் நிரூபித்தார்கள்.

1974இல் செர்ன் என்ற பெரிய வடிவியல் அறிஞரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்ததுதான் 'செர்ன்–சைமன்ஸ்' என்று இன்றைக்கும் இயற்பியல்காரர்கள் பயன்படுத்தும் கருவி. 1976இல் வடிவியலுக்கான வெப்லன் பரிசு கிடைத்தது. சந்தைப் பக்கம் அவர் முழுதாகத் திரும்பியது இதற்கெல்லாம் பிறகுதான், நாற்பது வயதில். இந்த வரிசையைப் பிள்ளைகள் தலைகீழாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் சோப்பில் தொடங்கினேன்.

சின்ன வயசிலேயே பெரிய கெட்டிக்காரரா?

கணக்கில், ஆமாம். மற்றபடி இல்லை. பதின்வயதில் தோட்டச் சாமான் விற்கும் கடையொன்றின் கிடங்கில் விடுமுறை வேலைக்குச் சேர்ந்தார். எந்தச் சாமான் எந்த இடம் என்று நினைவில் நிற்காததால், தரை கூட்டும் வேலைக்கு இறக்கிவிட்டார்கள். கூட்டிக்கொண்டே யோசிக்கலாம் என்று அவருக்கு அது பிடித்துப்போனது. நான் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது கடைக்காரத் தம்பதி சிரித்தார்களாம். 1958இல் அங்கேயே பட்டம் வாங்கினார். 1961இல், 23 வயதில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம்.

நடுவில் நண்பர்களோடு பாஸ்டனிலிருந்து கொலம்பியாவின் பொகோட்டாவை நோக்கி ஸ்கூட்டரில் கிளம்பிய கதையைச் சொன்னதும் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு இறங்கியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்தானே. அந்தக் கொலம்பிய நண்பர்களின் தொழிற்சாலையில் போட்ட பணம்தான் பிற்பாடு அவருக்குச் சந்தையில் முதலானது.

வேலையிலிருந்து துரத்திட்டாங்கன்னு சொன்னீங்களே?

1964இல் அமெரிக்க ராணுவத்துக்காக ரகசியச் சங்கேதங்களை உடைக்கும் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். வியட்நாம் போரை ஆதரித்து அந்த நிறுவனத்தின் தலைவரே பத்திரிகையில் எழுத, சைமன்ஸ் மறுத்து ஆசிரியருக்குக் கடிதம் போட்டார். பிறகு ஒரு நிருபரிடமும் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். 1968இல் வேலை போயிற்று. மூன்று சின்னக் குழந்தைகள் வேறு. அதே வருஷம் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம் அவரைக் கணிதத் துறைத் தலைவராகக் கூப்பிட்டது. நல்ல ஆட்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் வித்தையை அங்கேதான் கற்றுக்கொண்டார். பின்னால் அவரைக் காப்பாற்றியது அந்த வித்தைதான்.

ஹெட்ஜ் ஃபண்ட்னா என்னங்க? வேலின்னு சொன்னீங்க, புரியலை.

கேட்டவர் இரண்டு ஏக்கரில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன். கேரட் மண்ணுக்குள் இருக்கும்போதே மேட்டுப்பாளையம் மண்டிக்காரரிடம் ஒரு விலை பேசிவிடுகிறீர்கள். அறுவடை நேரத்தில் விலை விழுந்தால் தப்பித்தீர்கள். ஏறினால், அந்த ஏற்றம் உங்களுக்கு இல்லை. நஷ்டத்துக்கு முன்கூட்டியே போடும் இந்த வேலிதான் ஹெட்ஜ்.

ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் என்பவர் 1949இல் இதைப் பங்குகளில் செய்தார். ஏறும் என்று நினைத்ததை வாங்கினார். இறங்கும் என்று நினைத்த பங்கை இரவல் வாங்கி விற்றார், விலை விழுந்ததும் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுக்கலாம் என்று. சந்தை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்று மற்றதைத் தாங்கும். இன்றைக்கு அந்தப் பெயரில் இருக்கும் பல ஃபண்டுகளில் வேலியும் இல்லை ஒன்றும் இல்லை. பெரும் பணக்காரர்களிடமும் பெரிய நிறுவனங்களிடமும் மட்டும் பணம் வாங்கி, கட்டுப்பாடு குறைவாக, எதை வேண்டுமானாலும் வாங்கி விற்கும் கூட்டுப்பணம், அவ்வளவுதான். வேலி போட்டாலும் காட்டுமாடு உள்ளே வரத்தான் செய்யும் என்றார் கேட்டவர். சரியான பேச்சு.

சரி, அவர் எப்படித்தான் சம்பாதிச்சார்?

1978இல் பேராசிரியர் வேலையை விட்டார். முதல் சில வருஷம் எல்லாரையும் போலச் செய்தி படித்து, ஊகித்து, நாணயங்களிலும் சரக்குகளிலும் வியாபாரம் செய்தார். ஒரு நாள் மகா அறிவாளி, மறுநாள் முட்டாள் என்று வயிற்றைக் கலக்கிய காலம் அது. அப்புறம் ஊகத்தை விட்டுவிட்டு, பழைய விலைகளைச் சேர்க்கத் தொடங்கினார். கணினியில் கிடைக்காத பழைய வட்டி விகிதங்களை ஆள் அனுப்பிக் கையால் எழுதி எடுத்துவரச் செய்தார்.

மேட்டுப்பாளையம் மண்டிக்கு நாற்பது வருஷமாகத் தினமும் வந்த கேரட்டின் விலை, அன்றைய மழை, வந்து நின்ற லாரிகள், பண்டிகை நாட்கள் எல்லாம் ஒருவர் நோட்டில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று நாள் விலை இறங்கினால் நான்காம் நாள் ஏறுவது, இறங்குவதைவிடக் கொஞ்சம் அதிகமா? கொஞ்சம் என்றால் மிகவும் கொஞ்சம்; நூற்றுக்கு 51 தடவை. ஏன் அப்படி என்று தெரிய வேண்டியதில்லை. அது தற்செயலா இல்லையா என்று மட்டும் உறுதியாகத் தெரிய வேண்டும்.

அந்த 51ஐ வைத்து என்ன செய்வது? கரும்பலகையில் போட்ட கணக்கு இது. ஒவ்வொரு தடவையும் ஒரு ரூபாய் பந்தயம். 100 தடவை ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 2 ரூபாய். ஆனால் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் ஏறத்தாழ 10 ரூபாய் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளும். ஆக, லாபம் கண்ணுக்கே தெரியாது. 10,000 தடவை ஆடினால் லாபம் 200, ஆட்டம் 100. பத்து லட்சம் தடவை ஆடினால் லாபம் 20,000, ஆட்டம் வெறும் 1,000. லாபம் தடவைகளின் எண்ணிக்கையோடு வளர்கிறது. ஆட்டமோ அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடுதான் வளர்கிறது. பத்தாம் வகுப்பில் வர்க்கமூலம் எதுக்கு டீச்சர் என்று முப்பது வருஷமாக என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் இந்தப் பதிலைச் சமர்ப்பிக்கிறேன்.

வேலைக்கு அவர் பொருளாதாரம் படித்தவர்களைத் தேடவில்லை. கணித அறிஞர்கள், வானியல்காரர்கள், சங்கேதம் உடைத்தவர்கள் வந்தார்கள். 1993இல் ஐபிஎம் நிறுவனத்தில் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சியில் இருந்த பீட்டர் பிரவுன், ராபர்ட் மெர்சர் இருவரையும் அழைத்துவந்தார். அடுத்து என்ன சொல் வரும் என்று கணிப்பதும் அடுத்து என்ன விலை வரும் என்று கணிப்பதும் அவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே வேலை.

அந்த ஃபண்டில் நாமும் பணம் போடலாமா?

முடியாது. அமெரிக்காவின் பெரிய பணக்காரர்களாலேயே முடியாது. அவர் நிறுவனம் 1988இல் தொடங்கிய மெடாலியன் ஃபண்ட் 1993இலிருந்து புதிதாக வெளியாட்களைச் சேர்க்கவில்லை. ஏற்கெனவே இருந்தவர்களையும் 2005க்குள் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது ஊழியர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும்தான். 1988 முதல் 2018 வரை கட்டணத்துக்கு முன் சராசரியாக வருஷத்துக்கு 66 சதவீதம், கட்டணம் போக 39 சதவீதம் கிடைத்தது. 39 என்றால் இரண்டே வருஷத்தில் பணம் ஏறத்தாழ இரட்டிப்பு. மற்ற ஃபண்டுகள் வழக்கமாகப் போட்ட பணத்தில் 2 சதவீதமும் லாபத்தில் 20 சதவீதமும் கட்டணம் எடுக்கும். இவர்கள் 5ம் 44ம் எடுத்தார்கள்.

வெளியாட்களுக்கென்று அதே நிறுவனம் நடத்தும் வேறு ஃபண்டுகள் உண்டு. 2020இல் மெடாலியன் 76 சதவீதம் ஏறியது. வெளியாட்களின் பெரிய ஃபண்ட் அதே வருஷம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்தது.

என் பையன் போனில் 'ஆல்கோ டிரேடிங்' குரூப்பில் இருக்கான், கணினியே பங்கு வாங்கி விற்குமாம். சைமன்ஸ் ஃபார்முலான்னு சொல்றாங்களாம்.

வெளியே வரச் சொல்லுங்கள் அம்மா, இன்றைக்கே. அவர் முறை என்னவென்று அங்கே வேலை பார்த்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. தெரிந்தவர் யாரும் மாதம் 999 ரூபாய்க்கு விற்கமாட்டார்.

எங்கள் தெருவில் ஒரு பையன் இப்படி ஒரு குரூப்பை நம்பி, தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்ததைப் போட்டான். முதல் வாரம் ஆறாயிரம் ஏறியது என்று ஆப்பில் காட்டியது; எல்லாருக்கும் வர்க்கி வாங்கிக் கொடுத்தான். மூன்றாம் வாரம் குரூப்பே இல்லை. இது மோசடி. மோசடியே இல்லாமல், ஒழுங்கான தரகர் மூலம் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்று நாளைய விலையின் மேல் பந்தயம் ஆடியவர்கள் கதியை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கெடுத்திருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து லாபம் எடுக்கிறவர்களில் சைமன்ஸைப் போன்றவர்களும் உண்டு. அவரை நான் எவ்வளவு மெச்சினாலும் இதை மறைக்கக் கூடாது.

இவ்வளவு பணத்தையும் என்னதான் செய்தார்?

1994இல் மனைவி மரிலினோடு சேர்ந்து சைமன்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார். பெரும்பாலும் அடிப்படை அறிவியலுக்கு, அதாவது நாளைக்கே பயன் என்ன என்று சொல்ல முடியாத ஆராய்ச்சிக்கு, பணம் கொடுத்தார்கள். ஆட்டிசம் பற்றிய ஆய்வுக்குப் பெரிய பங்கு போனது. 2006இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் துகள் மோதுகருவி காசில்லாமல் நிற்கும் நிலைக்கு வந்தபோது, தம்மிடம் வேலை செய்தவர்களையும் சேர்த்து 1.3 கோடி டாலர் திரட்டி ஓடவைத்தார். 2010இல் நிறுவனப் பொறுப்பை விட்டு விலகிய பிறகு இதுதான் முழுநேர வேலை. 2016இல் நியூயார்க்கில் பிளாட்டிரான் ஆய்வு நிலையம் வந்தது. அங்கே விஞ்ஞானிகள் மானியத்துக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்காமல் கணினியும் தரவும் வைத்து வேலை செய்யலாம். 2023இல், பழைய ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துக்கு அறக்கட்டளை 50 கோடி டாலர் கொடுத்தது, இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல்.

கணக்கு வாத்தியார்களுக்குக்கூடப் பணம் கொடுத்தாராமே?

இதைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை. 2004இல் 'மேத் ஃபார் அமெரிக்கா' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் பார்த்தது எளிய விஷயம்: கணக்கு நன்றாகத் தெரிந்தவருக்கு வெளியே இரட்டைச் சம்பளம் கிடைக்கும்போது அவர் ஏன் வகுப்பறையில் இருப்பார்? நியூயார்க் நகரத்து அரசுப் பள்ளிகளில் சிறந்த கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து, சம்பளத்துக்கு மேல் வருஷம் 15,000 டாலர் வீதம் நான்கு வருஷம் கொடுக்கிறார்கள். பதிலுக்கு, அவர்கள் பள்ளியிலேயே பாடம் நடத்திக்கொண்டிருக்க வேண்டும். ஆயிரம் பேர் அளவில் இதில் இருக்கிறார்கள். சாயங்காலங்களில் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் பாடம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பணத்தைவிட அந்தச் சாயங்காலம்தான் எனக்குப் பொறாமை. மலைக்கு மாறுதலில் வரும் கணக்கு ஆசிரியர் ஒரு குளிர்காலம் தாங்குவார். அடுத்த கலந்தாய்வில் கோயம்புத்தூருக்கோ ஈரோட்டுக்கோ இறங்கிவிடுவார். அவர்களைக் குறை சொல்லவில்லை; வீடு அங்கே, பிள்ளைகள் அங்கே. ஒரு வருஷம் நான் மருத்துவ விடுப்பில் இருந்தபோது பத்தாம் வகுப்புக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை கணக்குக்கு ஆள் இல்லை. தமிழாசிரியர் வந்து நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் திரும்பிப் போனபோது நாற்பது நோட்டிலும் அழகான கையெழுத்து, உள்ளே ஒரு கணக்கும் இல்லை. சம்பளத்துக்கு மேல் ஒரு தொகையும், வாரம் ஒரு நாள் கணக்கு பேச நாலு பேரும் கிடைத்தால் அவர்களில் சிலராவது இங்கேயே தங்கியிருப்பார்கள்.

வரி ஏய்ப்பு பண்ணினார்னு என் பேத்தி கூகுளில் பார்த்துச் சொல்றா.

பேத்தி சரியாகத்தான் தேடியிருக்கிறாள், ஆனால் 'ஏய்ப்பு' என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஒரு வருஷத்துக்குள் வாங்கி விற்ற லாபத்துக்கு வரி அதிகம், அதற்கு மேல் வைத்திருந்தால் குறைவு. மெடாலியன் நிமிஷத்திலும் நாளிலும் வாங்கி விற்றது. அதையெல்லாம் ஒரு வங்கியின் பெயரில் மூட்டையாகக் கட்டி, அந்த மூட்டையின் மேல் ஓர் ஒப்பந்தம் போட்டு, நீண்டகால லாபம் என்று காட்டினார்கள். 2014இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் குழு இதைக் கடுமையாக விசாரித்தது. 2021இல் வழக்காடாமல் வரித்துறையோடு சமரசம் ஆயிற்று. நிறுவனத்தின் அன்றைய, முன்னாள் பெரிய தலைகள் எல்லாம் சேர்ந்து 700 கோடி டாலர் வரை கட்ட வேண்டியதாயிற்று. சைமன்ஸ் தனியாக மேற்கொண்டு 67 கோடி கட்டினார்.

எனக்கு இது நெருடுகிறது. வரியாக வந்திருந்தால் அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் தீர்மானித்திருப்பார்கள். அறக்கட்டளையில் தீர்மானித்தது அவரும் அவர் மனைவியும். நல்லபடியாகவே தீர்மானித்தார்கள் என்பது வேறு விஷயம்.

அரசியலில் எந்தப் பக்கம்?

ஜனநாயகக் கட்சிக்கு நிறையக் கொடுத்தார். அவர் அழைத்துவந்த மெர்சர் டிரம்ப்புக்குக் கொடுத்தார். ஒரே அலுவலகம்.

அவர் பிள்ளைகள்?

இரண்டு மகன்கள் அவருக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். 1996இல் பால், சைக்கிளில் போகும்போது கார் மோதி, 34 வயதில். 2003இல் நிக், பாலித் தீவில் நீரில் மூழ்கி, 24 வயதில். நிக் முன்பு நேபாளத்தில் வேலை செய்திருந்தான். அவன் பெயரில் அங்கே ஒரு நிலையம் தொடங்கி, மலைக் கிராமங்களில் இருக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பேறுகாலத்தில் தொட்டில் கட்டி ரோட்டுக்குத் தூக்கிவந்த கதை எங்கள் பக்கமும் உண்டு என்பதால், இதைச் சொன்னபோது பின்வரிசை அம்மாக்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நம்ம பக்கம் அவர் காசு ஏதாவது வந்திருக்கா?

நீலகிரிக்கு நேராக வந்ததாகச் சொல்ல முடியாது. பெங்களூரில் உயிரியல் ஆய்வுக்கான தேசிய மையத்தில் அவர் பெயரில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் போன் வைத்திருக்கும் யாருக்கும் வந்து சேர்வது இரண்டு. ஒன்று ஆர்க்சைவ்: உலகத்துக் கணித, இயற்பியல் கட்டுரைகளைக் காசில்லாமல் படிக்கும் இடம், அதைத் தாங்குகிறவர்களில் அவர் அறக்கட்டளையும் ஒன்று. இன்னொன்று குவாண்டா இதழ். அறிவியலை விளம்பரமில்லாமல், பொறுமையாக எழுதுகிறார்கள். ஆங்கிலம்தான். அகராதியோடு உட்காருங்கள்.

வானத்தைப் பார்க்கவும் ஒன்று கட்டினார். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டருக்கு மேல் இருக்கும் சைமன்ஸ் வானாய்வகம். பிரபஞ்சம் பிறந்த காலத்திலிருந்து மிச்சமிருக்கும் நுண்ணலையைப் பிடிக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். நம்ம முத்தொரையில் வைத்திருக்கலாமே என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. முத்தொரை ரேடியோ தொலைநோக்கி, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் முடிந்தது, 530 மீட்டர் நீளம். ஊட்டியின் அட்சரேகையும் மலைச்சரிவும் ஒத்துப்போகும் இடமாகத் தேடி, பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துக் கட்டினார்கள். அது கேட்பது ஒரு மீட்டருக்குச் சற்றே குறைந்த அலை. அதற்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. சைமன்ஸ் வானாய்வகம் பிடிப்பது மில்லிமீட்டர் கணக்கில் உள்ள அலை. அதைக் காற்றில் இருக்கும் ஈரம் குடித்துவிடும். நம்ம ஊர் ஜூலை மாதத்தில் அதற்கு ஒன்றும் தெரியாது.

என் பொண்ணு கணக்கு எடுத்தா இவரை மாதிரி சம்பாதிப்பாளா?

மாட்டாள். கணக்கு எடுத்தால் நல்ல வேலை கிடைக்க வழி உண்டு, அது வேறு. சைமன்ஸோடு ஸ்டோனி புரூக்கில் இருந்த கணித அறிஞர்கள் பலர் அவர் அளவுக்குக் கெட்டிக்காரர்கள், பென்ஷனில் வாழ்ந்து முடித்தார்கள். உங்கள் பெண் போன வாரம் 51 கணக்கைத் தானாகவே 52க்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு என்ன?

முடிச்சு. செர்ன்–சைமன்ஸ் கருவியை வைத்து எட்வர்ட் விட்டன் என்ற இயற்பியலாளர் 1989இல் முடிச்சுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும் வழி காட்டினார். அந்த உயரத்துக்கு நாம் போகப்போவதில்லை. ஆளுக்கு ஒரு முழம் சணல் கயிறு கொண்டுவாருங்கள். தேயிலை மூட்டை கட்டும் கயிறே போதும். ஒரு முடிச்சுப் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டிவிட வேண்டும். அறுக்காமல் அந்த முடிச்சை அவிழ்க்க முடியுமா, முடியாதா? முடியாது என்றால், முடியாது என்பதை எப்படி நிரூபிப்பது? பசை நான் கொண்டுவருகிறேன்.